நான் விழுங்காத மாத்திரை

"நீங்கள் கிளோபிடோகிரெல் சாப்பிடுகிறீர்களா?"

என் ரத்தத்தைச் சோதித்த ஆய்வகத்திலிருந்து போன் செய்த பெண் எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான். ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்க இதய நோயாளிகள் சாப்பிடுகிற மாத்திரை அது. இல்லை என்றேன். அதே வகையில் பிராசுக்ரெல்? டைகாக்ரெலர்? அதுவும் இல்லை. சரி, வீட்டில் வேறு யாராவது? அப்பா சாப்பிடுகிறார், எட்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள் என்றேன். "அப்படியென்றால் அவர் மாத்திரையைத் தெரியாமல் நீங்கள் எடுத்துவிட்டீர்களா, கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், ஏனென்றால் உங்கள் வரைபடம் அந்த மாத்திரை சாப்பிடுபவருடையது போலவே இருக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பாவின் மாத்திரை டப்பாவை வாரம் ஒருமுறை நிரப்புவதே நான்தான், ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதே வரைபடம். நான் விழுங்காத மாத்திரை பிறந்த நாளிலிருந்தே என் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அப்போது எனக்கு 34 வயது.

இத்தனை வருடம் தெரியாமலா இருந்தது என்று கேட்பார்கள். ரத்தம் அதிகம் போகிறது என்பது தெரிந்துதான் இருந்தது, அதை யாரும் ஒரு நோயாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சின்ன வயதில் சில்லுமூக்கு உடைந்தால் அரை மணி நேரம் நிற்காது. மேசை முனையில் லேசாக இடித்தால் போதும், தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்துவிடும். "பார்த்து நடக்கத் தெரியாதா உனக்கு" என்று அப்பா திட்டுவார். வயதுக்கு வந்த பிறகு மாதத்தில் எட்டு ஒன்பது நாள், முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். அம்மாவிடம் சொன்னால் சிலருக்கு அப்படித்தான் என்பார். மருத்துவரிடம் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருவார், ஹீமோகுளோபின் ஏறும், நிறுத்தினால் இறங்கும், மறுபடி எழுதித் தருவார். ஏன் இறங்குகிறது என்று கேட்க ஆள் இல்லை. 19 வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். அன்று இரவு முழுக்கப் பஞ்சு மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், காலையில் போய்த் தையல் போட வேண்டியதாயிற்று. அப்போதுதான் முதல்முறை ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ரத்தம் நிற்க உதவுகிற தட்டணுவான பிளேட்லெட் 2,40,000. ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற பிடி (PT), ஏபிடிடி (aPTT) இரண்டும் சரி. "எல்லாம் நார்மல், நீ பயந்த சுபாவம்" என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பினார். அந்த வாக்கியம் பதினைந்து வருடம் என்னோடு வந்தது.

எண்ணிக்கை என்ற சொல்லில்தான் நான் ஏமாந்தேன். பிளேட்லெட் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கும் நாலரை லட்சத்துக்கும் இடையில் இருந்தால் நார்மல் என்பார்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். அவர்கள் வேலை செய்கிறார்களா என்பதை அது சொல்லாது. பிடி, ஏபிடிடி இரண்டும் பிளாஸ்மாவில் இருக்கிற உறைதல் புரதங்களைப் பார்க்கிற சோதனைகள், பிளேட்லெட்டின் வேலைத்திறன் பக்கமே அவை போகாது. ஆக மூன்று சோதனையும் நார்மல் என்று வந்தாலும் பிளேட்லெட் வேலை செய்கிறதா என்ற கேள்வியை அதுவரை யாரும் கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

கேட்டவர் ஒரு மயக்க மருந்து மருத்துவர். மார்பில் ஒரு சின்னக் கட்டியை அகற்ற நாள் குறித்திருந்தார்கள், அதற்கு முந்தைய பரிசோதனைக்காகப் போயிருந்தேன். ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பல் பிடுங்கியபோது எவ்வளவு நேரம் ரத்தம் வந்தது? மாதவிடாயில் ரத்தக்கட்டி விழுமா, எவ்வளவு பெரியது? இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்குமா? காரணம் இல்லாமல் ரத்தம் கட்டுமா? கூடப் பிறந்தவர்களுக்கு? பத்து நிமிடம். முடித்துவிட்டு, ரத்தவியல் மருத்துவர் பார்க்காமல் நான் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, விடுப்பெல்லாம் எடுத்திருந்தேனே. இன்று அவரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. உங்களுக்கும் இந்த மாதிரி தொல்லை இருந்தால், மருத்துவரிடம் போகும் முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி எடுத்துப் போங்கள். "ரொம்ப ரத்தம் போகிறது" என்றால் யார் காதிலும் ஏறாது. "ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், மூன்று நாள், 19 வயதில் பல் பிடுங்கி மறுநாள் தையல்" என்றால் பேனாவை எடுப்பார்கள்.

முதலில் வான் வில்லிபிராண்ட் என்கிற உறைதல் புரதத்தின் குறைபாட்டுக்குப் பார்த்தார்கள். பரவலாக இருப்பது அதுதான், அதனால் அங்கே தொடங்குவது முறை. எனக்கு அது இல்லை. அடுத்துத்தான் பிளேட்லெட் ஒட்டும் திறனைப் பார்க்கிற அக்ரிகோமெட்ரி. கஸ்டாவ் போர்ன் என்பவர் 1962-இல் கொண்டுவந்த முறை, இன்றும் அதுதான் அடிப்படை. பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். அதில் ஒரு தூண்டு பொருளை விட்டால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்திரளாகும், கலங்கல் தெளியும், ஒளி ஊடுருவும், கோடு மேலே ஏறும். இவ்வளவு எளிமையான யோசனையா என்று எனக்கே ஆச்சரியம்.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது, முதல்முறை நான் சொதப்பியதே இதில்தான். சோதனைக்கு நாலு நாள் முன்பு தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தேன், அதில் ஆஸ்பிரின் இருந்தது எனக்குத் தெரியாது. ஆஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டைத் தொட்டால் அதன் ஆயுள் முழுக்க, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, அது முடங்கித்தான் கிடக்கும். பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது, புதிதாகப் புரதம் செய்துகொள்ள அதற்கு அநேகமாக வழி இல்லை. அதனால் பத்து நாள் தள்ளிப் போட்டார்கள். இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் கூடாது. எண்ணெய் மிகுந்த சாப்பாடு முந்தின வேளை சாப்பிட்டிருந்தால் பிளாஸ்மா பால் மாதிரி வெளுத்து ஒளிக் கணக்கே கெட்டுவிடும். எடுத்த ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, சுமார் நாலு மணி நேரத்துக்குள் சோதித்து முடிக்க வேண்டும். எங்கோ ரத்தம் எடுத்து எங்கோ அனுப்புகிற ஏற்பாடு இதற்குச் சரிவராது, ஆய்வகம் இருக்கிற இடத்துக்கு நாமே போவதுதான் நல்லது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது முறையும் அதே மாதிரி வர வேண்டும்.

சரி, என் வரைபடத்துக்கு வருவோம். ரிஸ்டோசெட்டின் என்கிற தூண்டு பொருளுக்கு ஒழுங்காக ஏறியது. அராகிடோனிக் அமிலத்துக்குப் பரவாயில்லை, ஆஸ்பிரின் காரணமாக இருந்தால் அங்கேதான் விழுந்திருக்கும். ஏடிபி (ADP) விட்டபோதுதான் கூத்து. கோடு கொஞ்சம் ஏறுகிறது, அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி இறங்கிவிடுகிறது. அளவைக் கூட்டி விட்டாலும் அதேதான்.

மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் முதலில் போய் ஒட்டுகிற பிளேட்லெட்டுகள் தங்களிடம் இருக்கிற ஏடிபியை வெளியே கொட்டும். மற்றவர்களைக் கூப்பிடுகிற குரல் அது. அந்தக் குரலைக் கேட்க ஒவ்வொரு பிளேட்லெட்டின் மேலும் இரண்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஒன்று பி2ஒய்1. இது கேட்டதும் செல்லுக்குள் கால்சியம் உயரும், தட்டையான பிளேட்லெட் முள்முள்ளாக உருமாறும், அவசரமாக ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இன்னொன்று பி2ஒய்12, 342 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம், செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பது. பிளேட்லெட்டுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்கிற மூலக்கூறு பிரேக் மாதிரி இருக்கிறது, பி2ஒய்12 அந்தப் பிரேக்கைத் தளர்த்தும். கூடவே வேறு ஒரு சமிக்ஞைப் பாதையையும் முடுக்கிவிட்டு, பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று கட்டுகிற ஃபைப்ரினோஜன் என்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளைத் திறந்தபடியே வைத்திருக்கும். அதாவது சேருவதற்கு முதலாவது, சேர்ந்தவர்கள் பிரியாமல் இருப்பதற்கு இரண்டாவது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டிய இடத்தில் என் ஆட்கள் கூப்பிட்டதும் வருகிறார்கள், வடத்தைத் தொடுகிறார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவுக்குப் பெயர் பி2ஆர்ஒய்12, மூன்றாவது குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது இதன் வரலாறு. இந்த மாதிரி ரத்தம் கசியும் ஒரு நோயாளியைப் பற்றி இத்தாலியில் மார்கோ கத்தனேயோ குழுவினர் 1992-இல் எழுதினார்கள். கிளோபிடோகிரெல் 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்து தடுக்கிற புரதம் இந்த பி2ஒய்12-தான், அதற்கான மரபணு இதுதான் என்று கண்டுபிடித்ததோ 2001-இல். ஏடிபியின் வேலை தடைபடுகிறது என்பது வரைக்கும் தெரிந்திருந்தது, எந்தக் கதவை அடைக்கிறது என்று தெரியாமலே லட்சக்கணக்கானவர்கள் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தக் கதவு அடைத்தே பிறந்தவர்கள் எங்கேயோ பல் பிடுங்கிவிட்டு விடிய விடிய பஞ்சு மாற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மரபணுச் சோதனை ரிப்போர்ட் கைக்கு வந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். பி2ஆர்ஒய்12-இன் இரண்டு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருக்கிறது, ஆனால் அதன் விளைவு உறுதியாகவில்லை என்று எழுதியிருந்தது. பணம் கட்டி, ஆறு வாரம் காத்திருந்து, பதில் "தெரியாது". மருத்துவர் பதறவில்லை. மரபணுவில் எழுத்து மாறியிருப்பது மட்டும் நோய் ஆகிவிடாது, அந்தப் புரதம் வேலை செய்கிறதா என்று தனியாகக் காட்ட வேண்டும் என்றார். வாஸ்ப் என்கிற இன்னொரு புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கும் அளவை வைத்து பி2ஒய்12 இயங்குகிறதா என்று பார்க்கிற சோதனை இருக்கிறது. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று இதய நோயாளிகளுக்குப் பார்க்க வந்த சோதனைதான் அது. என்னுடையதில் ஏடிபி விட்டாலும் விடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே அப்பா, அம்மா இருவருக்கும் அந்த மாற்றம் ஒவ்வொரு பிரதியில் இருப்பது தெரிந்தது. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டியது. மரபணு ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களுக்கும் நிம்மதி அடைகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், முதலில் வேலைத்திறன் சோதனை, அப்புறம் மரபணு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர்.

அப்பாவுக்குச் சோதனை செய்தபோது ஒரு வேடிக்கை. அவருக்கு அக்ரிகோமெட்ரி செய்து பயனே இல்லை, மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கோடு எப்படியும் இறங்கத்தான் போகிறது, அது பிறவியா மருந்தா என்று எப்படிப் பிரிப்பது? அவருக்கு டிஎன்ஏ மட்டும்தான் பார்த்தார்கள், மாத்திரையால் அதை மாற்ற முடியாது. அம்மாவுக்கு வேறு கவலை. "என்னால்தான் உனக்கு வந்ததா" என்று நாலு நாள் சரியாகப் பேசவில்லை. ஒரு பிரதி மட்டும் பழுதானால் பெரும்பாலும் பெரிய தொல்லை இருக்காது, இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால்தான் இப்படி, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு என்று மருத்துவர் அவரை உட்கார வைத்துச் சொன்னார். என் தம்பிக்கு அந்த மாற்றமே இல்லை.

"அப்போ உனக்கு மாரடைப்பே வராது, கொடுத்து வைத்தவள்" என்று சொன்ன உறவினர்கள் இரண்டு பேர். மருத்துவரிடம் இதைச் சொன்னேன், சிரித்துவிட்டு கொலஸ்ட்ரால் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

கட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்கு முன்பே ஒருநாள் டெஸ்மோபிரெசின் என்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்து வைத்திருந்தார்கள். பிளேட்லெட் குறைபாட்டை அது சரிசெய்யாது, ரத்தக்குழாய்ச் சுவரில் சேர்த்து வைத்திருக்கிற வான் வில்லிபிராண்ட் காரணியை வெளியே தள்ளிவிடும், அதனால் சிலருக்குக் கைகொடுக்கும். இதைப் போட்டால் சிறுநீர் குறையும், அதனால் 24 மணி நேரத்துக்குத் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இதை எனக்குச் சொன்ன செவிலியர் மூன்று முறை சொன்னார், அப்படியும் நான் ஒரு பாட்டில் தண்ணீரை யோசிக்காமல் குடித்துவிட்டு இரவெல்லாம் தலைவலியோடு கிடந்தேன். நல்ல வேளை, அதோடு போயிற்று. அறுவைக்குப் பிறகு ஒரு வாரம் டிரானெக்சமிக் அமில மாத்திரை. உருவான உறைகட்டி சீக்கிரம் கரையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. என் மாதவிடாய்க்கும் இப்போது அதுதான், முதல் சில நாள் மட்டும். முப்பது நாளில் வாழ்க்கை மாறிற்று என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன், ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. சிறுநீரில் ரத்தம் போகும்போது மட்டும் கேட்காமல் அதைப் போடக் கூடாது, உறைந்த ரத்தம் சிறுநீர்ப் பாதையை அடைத்துவிடும். பிளேட்லெட் ஏற்றுவது என்பது எனக்குக் கடைசி ஆயுதம். அடிக்கடி ஏற்றினால் உடம்பு அதற்கு எதிராக எதிர்ப்பொருள் செய்துகொண்டு, உண்மையிலேயே தேவைப்படும் நாளில் பயனில்லாமல் போகலாம்.

தினசரிப் பழக்கம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். கடையில் கேட்டு வாங்குகிற சளி, காய்ச்சல் மருந்துகளில் ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ கலந்திருக்கிறதா என்று பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துவிடுவேன். ஊசி போட்டால் நுண்ணிய ஊசியாகக் கேட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் வளர்த்தார்கள், அது தவறு. முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், நடுவில் விட்டுவிட்டு நின்றதா என்று பார்க்கக் கூடாது. (நடுவில் பார்க்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமே.) உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் சோதனை வருடத்துக்கு இரண்டு முறை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம், என்னுடையது அப்படித்தான் வருடக்கணக்கில் இருந்திருக்கிறது, நான் என்னை சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பையில் ஒரு அட்டை இருக்கிறது, "பி2ஒய்12 குறைபாடு, பிளேட்லெட் எண்ணிக்கை நார்மல்" என்று மேலேயே எழுதியிருக்கும். இரண்டாவது பாதி முக்கியம். இல்லையென்றால் அவசரப் பிரிவில் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மறுபடி "எல்லாம் நார்மல்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்பா கதை தனி. நான் பட்டதையெல்லாம் பார்த்துவிட்டு அவர் பயந்து, "இந்த மாத்திரை வேண்டாம்மா, உனக்கு வந்ததெல்லாம் எனக்கும் வரும்" என்று நிறுத்தப் பார்த்தார். இரண்டு நாள் என் கண்ணில் படாமல் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைத் துணி துவைக்கும்போது கண்டுபிடித்தேன். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இதைச் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. என்னிடம் இல்லாமல் நான் அவதிப்படுகிற அதே வேலையை அவர் உடம்பில் வேண்டுமென்றே நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது, இதை அவருக்குப் புரிய வைக்க ஒரு மாலை முழுக்க ஆயிற்று. அவருடைய ஒரு பிரதியில் மாற்றம் இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை இதய மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பார்த்துவிட்டு, மருந்தைத் தொடரச் சொன்னார், மலம் கறுப்பாகப் போனால் உடனே வரச் சொன்னார். அப்போது இன்னொன்றும் கேட்டார், அசிடிட்டிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று. ஒமிப்ரசோல். அதை அன்றே மாற்றிவிட்டார். கிளோபிடோகிரெல் வயிற்றுக்குள் போகும்போது வெறும் மூலப்பொருள்தான், கல்லீரலில் சிஒய்பி2சி19 என்கிற நொதி மாற்றிக் கொடுத்தால்தான் மருந்தாகிறது. ஒமிப்ரசோல் அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தம், அவர்களுக்கு இந்த மாத்திரை போதிய அளவு வேலை செய்யாது என்று 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. ஒருவருக்குப் பூட்டே இல்லை, இன்னொருவருக்குச் சாவி சரியாக வார்க்கப்படவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.

போன மாதம் அவருக்குப் பல் ஆடியது. பல் மருத்துவரிடம் கூடப் போனேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம், இதய மருத்துவரிடம் பேசிவிட்டேன், பிடுங்கிய இடத்தில் தையல் போட்டு அழுத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். வீட்டுக்கு வந்து பஞ்சைக் கடித்தபடி சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா, சட்டையின் கையைச் சுருட்டி முழங்கைப் பக்கம் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு நீலம். எதில் இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார், தெரியவில்லை என்று.